தலைநகர் மாரியம்மன் ஆலயமும் நம் தோட்டத்துக் கோவிலும்



நாம் வாழும் தோட்டம் எதுவாயினும், அங்கே ஒரு மாரியம்மன் கோவிலைக் காண்கிறோம். லயத்துக்கு அருகிலோ, வெட்டுக்குச் செல்லும் வழியிலோ, ஆலமரத்தடியிலோ அது அமைந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை திருவிழா எடுக்கிறோம், கரகம் சுமக்கிறோம், கூழ் வார்க்கிறோம், சில தோட்டங்களில் தீமிதியும் நடைபெறுகிறது. ஆயினும், "இக்கோவில் எந்த ஆண்டில் எழுப்பப்பட்டது? இது நிற்கும் நிலம் யாருடைய பெயரில் உள்ளது?" என்று எவரேனும் வினவினால், நம்மில் பலர் விடை கூற இயலாமல் நிற்கிறோம்.

கோலாலம்பூரின் மிகப் பழைய இந்து ஆலயம் என்று போற்றப்படுவது ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். இன்று வானளாவிய கோபுரத்தோடு விளங்கும் அவ்வாலயமும் ஒரு காலத்தில் அத்தாப்புக் கூரையின் கீழ் இருந்ததுதான். ஒரு முறை இடம் பெயர்ந்ததுதான். அது எவ்வாறு நிலைபெற்றது என்பதை அறிந்துகொண்டால், நம் தோட்டத்துக் கோவிலுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதும் விளங்கும். அந்நோக்கத்தோடு இப்பாடத்தைத் தொடங்குவோம்.

தலைநகர் தோன்றிய காலம்

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் தோன்றிய ஊர் கோலாலம்பூர். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றுவழியே அனுப்பினார். அவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியவர்களும் பின்னர் வந்தவர்களும் தொடர்ந்து உழைத்தமையால் ஈயம் கிடைத்தது. ஈயத்தால் ஊர் வளர்ந்தது. சிலாங்கூரில் 1867-இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1873-இல் ஓய்ந்தது. 1880-இல் மாநிலத்தின் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது.

அக்காலத்துக் கோலாலம்பூர், மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளின் கூட்டமாகவே இருந்தது. 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தீ ஊரை அழித்தது. அதே ஆண்டில் பெருவெள்ளமும் வந்தது. அதன் பின்னரே, கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்னும் விதி வந்தது. ஊருக்கு வேண்டிய செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே இன்று பிரிக்பீல்ட்ஸ் என்று வழங்கப்படுகிறது. "செங்கல் வயல்" என்பது அப்பெயரின் பொருள். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பாதை போடவும், பாலங்கள் கட்டவும், பின்னர் காடழித்துத் தோட்டங்கள் அமைக்கவும் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் வந்தனர்.

அவர்கள் தம்மோடு கொண்டு வந்த செல்வம் மிகச் சிறிது. ஆனால் தெய்வ நம்பிக்கையை விட்டுவிட்டு வரவில்லை. "மாரி" என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். மழையைத் தருபவளாகவும், அம்மை முதலிய நோய்களினின்று காப்பவளாகவும் தமிழகத்துச் சிற்றூர்களில் மாரியம்மன் வணங்கப்பட்டு வந்தாள். காய்ச்சலும் கொள்ளைநோயும் மனிதரை வாரிக்கொண்டு போன இந்நாட்டுக் காடுகளில், அத்தாயையே நம் முன்னோர் முதலில் நினைத்ததில் வியப்பில்லை. அதனாலேயே தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில்கள் எழுந்தன.

ஆலயம் தோன்றிய வரலாறு

தலைநகரின் மாரியம்மன் ஆலயம் 1873-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பது ஆலய வரலாறு. நிறுவியவர் கா. தம்புசாமிப் பிள்ளை அவர்கள். இவர் 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அங்குள்ள ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் பயின்றவர். சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் பணிபுரிந்து, பின்னர் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். புகழ்பெற்ற சீனச் செல்வர் லோக் இயூ அவர்களோடு கூட்டாகத் தொழில் நடத்தியவர். 1893-இல் தொடங்கப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களுள் இவரும் ஒருவர். கோவிலுக்கும் கல்விக்கும் ஒருங்கே கொடுத்த இக்கொடையாளர் 1902-இல் மறைந்தார்.

ஆலயம் முதலில் இன்றுள்ள இடத்தில் இல்லை. பழைய கோலாலம்பூர் இரயில் நிலையம் நிற்கும் பகுதிக்கு அருகில் அது இருந்தது. 1885-ஆம் ஆண்டில் ஹை ஸ்திரீட் என்னும் தெருவுக்கு மாற்றப்பட்டது. அத்தெரு பிற்காலத்தில் ஜாலான் பண்டார் என்றும், அதன்பின் ஜாலான் துன் எச். எஸ். லீ என்றும் பெயர் மாறியது. தெருவின் பெயர் இருமுறை வேறுபட்டாலும், ஆலயம் அன்று முதல் அவ்விடத்திலேயே நிலைத்து நிற்கிறது.

புதிய இடத்திலும் தொடக்கத்தில் இருந்தது அத்தாப்புக் கட்டடமே. 1887-இல் அது நீக்கப்பட்டுச் செங்கல் கட்டடம் எழுந்தது. ஊர் முழுவதும் அத்தாப்பிலிருந்து செங்கல்லுக்கு மாறிய அதே ஆண்டுகளில் ஆலயமும் மாறியது என்பதைக் கவனியுங்கள். ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூர்க் கோவிலின் சுவர்களிலும் படிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்றாகும். இன்று நாம் காணும் ஆலயம் 1968-இல் கட்டப்பட்டது. கோபுர வேலை 1972-இல் நிறைவெய்தியது. 1973-இல் குடமுழுக்கு நடைபெற்றது. ஆலயம் தோன்றி நூறாண்டு நிறைந்த ஆண்டும் அதுவேயாகும்.

ஒரு குடும்பத்திடமிருந்து ஊராரிடம்

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. தொடக்கத்தில் இவ்வாலயம் பிள்ளை அவர்களின் குடும்பத்தாருடைய வழிபாட்டு இடமாகவும் அவர்களுடைய பொறுப்பிலும் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. நாளடைவில் நிர்வாகமும் அறங்காவலர் குழுவினரிடம் வந்து சேர்ந்தது. இன்று ஸ்ரீ மகா மாரியம்மன் தேவஸ்தானம் என்னும் அமைப்பு இவ்வாலயத்தோடு, பத்துமலைத் திருத்தலத்தையும் கோர்ட்டுமலைப் பிள்ளையார் ஆலயத்தையும் நிர்வகித்து வருகிறது. "கோர்ட்டுமலை" என்னும் பெயரைக் கேட்டுச் சிறுவர்கள் சிரிப்பதுண்டு. முற்காலத்தில் அம்மேட்டின்மீது நீதிமன்றம் இருந்ததால் வந்த பெயர் அது.

ஒருவர் கட்டிய கோவிலானாலும், அவருக்குப் பின்னும் அது வாழ வேண்டுமாயின் பலர் கைகோத்துத் தாங்க வேண்டும். தனி மனிதரின் ஆயுள் முடியக்கூடியது. ஒழுங்காக அமைந்த சபையின் ஆயுள் நீளக்கூடியது.

ஆலய அமைப்பு

ஆலயத்தின் முன்வாயிலில் ஐந்து நிலைக் கோபுரம் 22.9 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 75 அடி உயரத்தில், எழுந்து நிற்கிறது. தென்னிந்தியச் சிற்பிகள் அமைத்த சுதைச் சிற்பங்கள் அதில் நிறைந்துள்ளன. உள்ளே கருவறையில் மாரியம்மனும், இரு பக்கங்களில் பிள்ளையாரும் முருகப்பெருமானும் எழுந்தருளியுள்ளனர்.

நம் ஆலயங்கள் மனித உடலின் வடிவில் அமைக்கப்படுகின்றன என்பது ஆகம மரபு. ஒரு மனிதர் மேற்கே தலையும் கிழக்கே காலுமாக மல்லாந்து படுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாதங்கள் இருக்குமிடம் கோபுரவாயில். தலை இருக்குமிடம் கருவறை. தலைநகர் மாரியம்மன் ஆலயம் இம்முறைப்படியே அமைந்துள்ளது. வாயிலைக் கடக்கும் நாம் பாதத்திலிருந்து புறப்பட்டு, மண்டபங்களைத் தாண்டி, தலையாகிய கருவறையை அடைகிறோம். ஆகவேதான் வாயிலில் காலணியைக் கழற்றுகிறோம், குனிந்து வணங்குகிறோம், உள்ளே செல்லச் செல்லப் பேச்சைக் குறைக்கிறோம். காரணம் அறிந்து செய்தால் வழக்கம் வழிபாடாகிறது.

பத்துமலையும் தேர்ப்பவனியும்

தலைநகர் ஆலயத்தின் பெரும் மரபு தைப்பூசத் தேர்ப்பவனியாகும். நகருக்கு வடக்கே சுண்ணாம்புக் குன்றொன்றில் இயற்கையாக அமைந்த குகைகள் உள்ளன. அவற்றுள் பெரிய குகையின் வாயில் வேல் போன்ற வடிவில் இருப்பதைக் கண்ட தம்புசாமிப் பிள்ளை அவர்கள், அங்கே முருகன் வழிபாட்டைத் தொடங்கினார் என்பர். 1891-இல் முருகன் திருவுருவம் அங்கே அமைக்கப்பட்டது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. முதலில் மலையேறப் படிகள் இல்லை. 1920-இல் மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் இடத்தில் 272 சிமெண்டுப் படிகள் வந்தன. மலையடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. 2018-இல் நடைபெற்ற குடமுழுக்கையொட்டிப் படிகள் பல வண்ணம் பெற்றன.

தைப்பூசத்துக்கு முன்னர் வள்ளி தெய்வயானை சமேதராக முருகப்பெருமான் மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் தேரேறிப் புறப்படுகிறார். வெள்ளித்தேர் 1983-இல் உருவாக்கப்பட்டது. தாயின் வீட்டிலிருந்து பிள்ளை மலைக்குச் செல்கிறான் என்பது நம் மக்கள் இப்பவனிக்குக் கூறும் அழகிய விளக்கமாகும். தேர் செல்லும் வழியெங்கும் மக்கள் தேங்காய் உடைக்கின்றனர். தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றனர். சீன அன்பர்களும் தேங்காய் உடைத்து வேண்டிக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். விழா முடிந்ததும் தேர் மீண்டும் ஆலயத்துக்குத் திரும்புகிறது. கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் தைப்பூசம் பொது விடுமுறையாக 2008-இல் அறிவிக்கப்பட்டது.

தோட்டத்து மக்கள் குடும்பத்தோடு லோரியேறிச் சென்று, பத்து ஆற்றில் நீராடி, காவடி சுமந்து படியேறிய நாட்களைப் பெரியோர் இன்றும் கூறக் கேட்கலாம். தலைநகரின் பெருவிழாவைப் பெருவிழாவாக்கியதில் பால்மரம் வெட்டிய கைகளுக்கும் பங்குண்டு. அப்பங்கை எந்தக் கல்வெட்டிலும் நாம் காண்பதில்லை; ஆகவே நாமே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாலாலயமும் குடமுழுக்கும்

கல்லால் கட்டியதும் காலத்தால் தேயும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆலயத்தைப் பழுதுபார்த்துக் குடமுழுக்குச் செய்ய வேண்டும் என்று விதித்தனர். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யப்படும். அதாவது, மூலவரின் தெய்வ ஆற்றலைக் கும்பநீரிலோ மரப்பலகையில் தீட்டிய உருவத்திலோ எழுந்தருளச் செய்து, தற்காலிகமான சிறு கோவிலில் வைத்து வழிபடுவர். திருப்பணி முடிந்ததும் வேள்விச்சாலையில் மந்திரம் ஓதிப் புனிதப்படுத்திய குடநீரைக் கோபுரக் கலசத்திலும் மூலவர் மீதும் சொரிந்து, அவ்வாற்றலை மீண்டும் கருவறையில் நிறுத்துவர்.

இம்மரபு கூறும் உண்மை ஒன்றுண்டு. கட்டடம் மாறலாம், சுவர் இடியலாம், ஒரு நாளும் வழிபாடு அறுந்துவிடக் கூடாது. மாற்றத்தை மரியாதையோடும் முறையோடும் செய்வதற்கு நம் சமயத்திலேயே வழி வகுத்திருக்கிறார்கள்.

நம் தோட்டத்துக் கோவில்

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். தலைநகர் ஆலயத்தைத் தொடங்கியவர் செல்வமும் அரசாங்கத்தில் செல்வாக்கும் உடையவர். நம் தோட்டத்துக் கோவிலைத் தொடங்கியவரோ மண்வெட்டியும் பால்கத்தியும் ஏந்திய தொழிலாளி. அவர் கூலியில் மிச்சம் பிடித்துக் கல்லை நட்டார். தகரக் கூரை போட்டார். துரை வாய்மொழியாகச் சம்மதித்தார். தோட்டத்து நிலத்தில் கோவில் எழுந்தது. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரிலேயே இருந்தது. அன்று யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தோட்டம் என்றென்றும் தோட்டமாகவே இருக்கும் என்று எல்லாரும் எண்ணினர்.

காலம் மாறியது. ரப்பர் காட்டில் செம்பனை வந்தது. செம்பனைக் காட்டில் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. புத்ராஜெயா எழுந்திருக்கும் நிலத்தில் முன்பு பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. தோட்டம் கைமாறும்போது, அதன்மீது நிற்கும் கோவிலும் பள்ளியும் பிறருடைய நிலத்தில் நிற்பவை ஆகிவிடுகின்றன.

சட்டம் என்ன கூறுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நாம் "கிராண்ட்" என்று வழங்கும் நிலப்பட்டாவில் யார் பெயர் பதிவாகியுள்ளதோ அவரே நிலத்துக்கு உரியவர். எத்தனை ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தோம் என்பதனால் மட்டும் அந்நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. நூறாண்டுக் கோவிலுக்கும் இதுவே விதி.

இது தோட்டங்களுக்கு மட்டும் உரிய இடர் அன்று. தலைநகரில் மஸ்ஜிட் இந்தியா சாலை வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட பத்ரகாளியம்மன் ஆலயம் ஒன்று உள்ளது. அது நின்ற நிலம் ஆலயத்தின் பெயரில் இல்லை. 2014-இல் அந்நிலம் தனியார் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் இது நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் ஆலயத்துக்கு மாற்றிடம் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது, ஆலயத்தாரும் உடன்பட்டனர். சினமூட்டும் பேச்சுகள் பல எழுந்த வேளையிலும், அமர்ந்து பேசியதால் வழி பிறந்தது.

"அம்மன் எங்கும் இருப்பவள், அவளுக்குக் காகிதம் எதற்கு?" என்று சில பெரியோர் கேட்கலாம். உண்மைதான், அம்மனுக்குக் காகிதம் வேண்டியதில்லை. அவளுக்கு விளக்கேற்றி வைக்கும் நமக்குத்தான் காகிதம் வேண்டும். இடமாற்றம் என்றாலே அநீதி என்றும் நாம் கூறவில்லை. 1885-இல் இடம் மாறிய ஆலயம் இன்று தலைநகரின் பெருமையாக நிற்கிறது. எவ்வாறு மாறுகிறோம், எங்கே மாறுகிறோம், யாருடைய உடன்பாட்டோடு மாறுகிறோம், புதிய இடம் யார் பெயரில் இருக்கும் என்பவையே வினாக்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கோவில் ஏடு ஒன்று தொடங்குவோம். கோவில் தோன்றிய காலம், முதற்பணி செய்தவர்கள், திருவிழா முறை, குடமுழுக்கு நடந்த ஆண்டுகள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். பழைய புகைப்படங்களையும், திருவிழா அழைப்பிதழ்களையும், நன்கொடைச் சீட்டுகளையும் அதில் ஒட்டி வைப்போம். ஒரு சிறு அழைப்பிதழில் அச்சிட்ட தேதியும் பின்னாளில் சான்றாகும்.

இரண்டாவதாக, கோவில் நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டறிவோம். தோட்டம் விற்கப்படும் செய்தி வந்த பிறகு ஓடுவதைவிட, வராத போதே கேட்பது எளிது.

மூன்றாவதாக, கோவில் நிர்வாகத்தைச் சங்கப் பதிவிலாகாவில் முறைப்படி பதிவு செய்வோம். ஆண்டுக் கூட்டம், வரவு செலவுக் கணக்கு, கூட்டக் குறிப்பு ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால், பேச்சு மேசையில் நம் சொல்லுக்கு எடை கூடும். இரு பிரிவாகப் பிரிந்து நிற்கும் கோவிலின் குரல் எவர் காதிலும் ஏறுவதில்லை.

நான்காவதாக, இடம் மாற வேண்டிய நிலை வருமாயின், மாற்று நிலத்தையும் கட்டட உதவியையும் எழுத்தில் பெற்ற பின்னரே பாலாலயம் செய்வோம். வாய்ச்சொல்லை நம்பிச் சிலையைத் தூக்க வேண்டாம். தோட்டப் பள்ளிகளுக்கும் இந்நான்கு அறிவுரைகளும் பொருந்தும் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்க.

மாணவச் செல்வங்களே! ஏட்டைத் தொடங்கும் பணி உங்களுடையது. பட்டாவைத் தேடுவதும் பதிவு செய்வதும் பெரியோர் கடமை. ஆனால் தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்து கேட்கப் பொறுமையுடையவர்கள் நீங்களே. கோவில் கட்டியபோது மணல் சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். அவர்கள் நினைவில் இருப்பது எழுத்தில் ஏறாவிட்டால், அவர்களோடு மறைந்துவிடும். இவ்விடுமுறையில் ஆளுக்கொரு பக்கம் எழுதி வாருங்கள். அப்பக்கங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு படியைக் கோவிலுக்குக் கொடுப்போம். மற்றொரு படியைப் பள்ளி நூலகத்தில் வைப்போம்.

பயிற்சி

1. தலைநகர் மாரியம்மன் ஆலயம் எந்த ஆண்டில் இடம் மாறியது? அதற்கு அடுத்த ஆண்டில் எந்த இருப்புப் பாதை திறக்கப்பட்டது?

2. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

3. ஆலயம் மனித உடலின் வடிவில் அமைந்துள்ளது என்பதைப் படம் வரைந்து விளக்குக.

4. பாலாலயம் என்பது யாது? அது ஏன் செய்யப்படுகிறது?

5. உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுக: நம் தோட்டத்துக் கோவிலின் முதல் கல்லை நட்டவர் யார்? அப்போது கூரை எதனால் வேயப்பட்டிருந்தது? முதல் திருவிழாவுக்கு யார் யார் வந்தனர்?